ஏலகிரி போன ஞாயிறு, ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவர்

என் பெயர் து. ஹேமாவதி. வயது பதினைந்து. தந்தை பெயர் துலுக்கானம், தாய் பெயர் சாமுண்டீஸ்வரி. மண்ணூர்பேட்டை, பிள்ளையார் கோயில் மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14, மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.

இன்று 28.08.2025 வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு உதவி ஆய்வாளர் திருமதி மஹ்ஜபீன் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, கடந்த 24.08.2025 ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதயகுமார் என்பவர் இறந்தது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னார். நானே எழுதித் தரலாமா என்று கேட்டேன். எழுதலாம், நடந்ததை நடந்த வரிசையில் எழுது, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்றார். என் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இதை எழுதுகிறேன்.

என் அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்டில் வேலை செய்கிறார். கம்பெனியின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருப்பதால் இங்கே எழுதவில்லை. இரும்புத் தகட்டைப் பெரிய இயந்திரத்தில் அழுத்தி வண்டிகளுக்கான பாகங்கள் செய்வது அங்கே வேலை. அந்த இயந்திரத்தைப் பிரஸ் என்பார்கள். அப்பா நிற்பது ஆறாம் நம்பர் பிரஸ். இறந்துபோன உதயகுமார், வயது முப்பத்திரண்டு, அதே கம்பெனியில் பக்கத்து ஷெட்டில் சின்ன பிரஸ்களில் வேலை செய்தார். மேனாம்பேட்டில் மனைவி விஜியுடனும் இரண்டு வயதுப் பெண் குழந்தையுடனும் குடியிருந்தார். எங்களுக்கு உறவு இல்லை. அவர் அப்பாவை அண்ணாத்தே என்று கூப்பிடுவதால் நான் அவரைச் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவேன்.

சென்ற ஜூன் மாதம் பள்ளி நூலகத்தில் மலைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் ஏலகிரியைப் பற்றிப் படித்தேன். மலைமேல் ஏரியும் ஏரியை ஒட்டிப் பூங்காவும் இருப்பதாகவும், மலைப்பாதையில் பதினான்கு வளைவுகள் இருப்பதாகவும், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளலின் பெயர் வைத்திருப்பதாகவும் அதில் இருந்தது. என் தாயார் இதுவரை எந்த மலைமேலும் ஏறியதில்லை. அதனால் குடும்பத்தோடு போகலாம் என்று வீட்டில் கேட்டேன். ஏரி பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, அம்பத்தூர் ஏரி இங்கேதானே இருக்கிறது என்று அம்மா கேட்டார். அதில் ஆகாயத் தாமரையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதே என்று சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, ஒரே நாளில் போய்த் திரும்புவது போல இருந்தால் பார் என்றார்.

அதன் பிறகு நான் இரண்டு மாதம் திட்டம் போட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் நேரமும் வலப்பக்கம் செய்ய வேண்டியதும் எழுதினேன். அம்பத்தூரிலிருந்து முதல் மின்சார ரயிலில் சென்ட்ரல் போக வேண்டும், அங்கிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், ஜோலார்பேட்டையிலிருந்து மலைக்கு பஸ், பத்தரைக்கு ஏரி, பதினொன்றுக்குப் படகு, ஒன்றரைக்கு மரத்தடியில் எலுமிச்சை சாதம், அதன் பிறகு பூங்கா, நாலரைக்குத் திரும்பும் பஸ் என்று அதில் இருக்கிறது. வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பதால் புளிப்பு மிட்டாயும் நாலு பிளாஸ்டிக் பைகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டை உதவி ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் பயண நாள் ஆகஸ்டு 17 என்று எழுதி, அதை அடித்து 24 என்று எழுதியிருக்கும். அடித்தது நான்தான். 17ஆம் தேதி ஞாயிறு அப்பாவுக்கு விடுமுறை நாள். ஆனால் அன்றைக்குச் சுதந்திர தினக் கட்டுரைப் போட்டி இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். ஒரு வாரம் தள்ளிப் போகலாமா என்று கேட்டேன். 24ஆம் தேதி அப்பாவுக்கு முதல் ஷிப்டு இருந்தது. அப்பா, சரி, ஆள் மாற்றிக்கொள்ளலாம், நீ போட்டிக்குப் போ என்றார். போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

ஆள் மாற்றுவது என்பது இதுதான். கம்பெனி வாசலில் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். ஞாயிறு ஷிப்டில் இருப்பவருக்கு லீவு கிடையாது. வராவிட்டால் காண்ட்ராக்ட் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். அதனால் ஒருவருக்கு அவசரம் என்றால், அந்த நேரத்தில் வேலை இல்லாதவர் அவருடைய கார்டைக் காட்டி உள்ளே போய் அவருடைய இடத்தில் நிற்பார். இன்னொரு நாள் இவர் அவருக்காக நிற்பார். இரண்டு வருடத்துக்கு முன் உதயகுமாரின் தங்கை திருமணத்துக்கு அப்பா அவருடைய கார்டில் ஒரு நாள் நின்றிருக்கிறார். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சூப்பர்வைசர் பிரசன்னாவுக்குத் தெரியும் என்பதை நான் நேரடியாகக் கேட்டேன். பிரஸ் சத்தத்தில் பல வருடம் நின்றதால் அப்பாவுக்கு வலது காது மந்தம். அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுதான் பேசுவார். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி அளவில் அப்பா பிரசன்னாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை தனக்குப் பதில் உதயா வருவார் என்று சொன்னார். நான் அதே அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு பிரசன்னா, “ஆறாம் நம்பர்ல ஆள் நின்னா போதும்ணே. எவன் நின்னா எனுக்கு இன்னா” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அப்பா தன்னுடைய கார்டை என்னிடம் கொடுத்து, மேனாம்பேட்டில் உதயாவிடம் கொடுத்துவிட்டு வா என்றார். நான் சைக்கிளில் போய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கார்டில் இருந்த அப்பாவின் படத்தைப் போல முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். அதன் பிறகு சித்தியைப் பார்த்து, “இன்னிலேர்ந்து நான்தான் துலுக்கானம். பெரிய மனுசனுக்கு ஒரு டீ போடு” என்றார். சித்தி, “மூஞ்சியப் பாரு. அந்த அண்ணன் ஒயுங்கா தல வாரிகினு கீறாரு, நீ கீறியா?” என்றார். நான் சிரித்தேன். எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போக மாட்டாயா என்று சித்தி என்னைக் கேட்டார். குழந்தை இன்னும் கொஞ்சம் வளரட்டும், அடுத்த தடவை எல்லோரும் சேர்ந்து போகலாம், அதற்கும் நானே திட்டம் போடுகிறேன் என்று சொன்னேன். ஏரியில் அப்பாவைத் தள்ளிவிட்டுவிடாதே, வியாழக்கிழமை இரவு என் ஷிப்டுக்கு அவர் நிற்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். அந்த வியாழக்கிழமை இன்றைக்குத்தான். டீ குடித்துவிட்டு ஆறேகால் மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நோட்டில் எழுதியபடியே புறப்பட்டோம். கம்பெனியில் இருந்து யாராவது கூப்பிட்டு மலைப்பாதை பஸ்ஸின் ஹாரன் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அப்பா சென்ட்ரலில் ரயில் ஏறியதும் போனை அணைத்துவிட்டார். காலை ஒன்பதே முக்காலுக்கு ஜோலார்பேட்டையில் பஸ் ஏறினோம். ஐந்தாம் வளைவில் அம்மாவுக்கு வாந்தி வந்தது. ஒன்பதாம் வளைவில் இரண்டாவது பை தேவைப்பட்டது. வளைவுகளின் பெயர்களை நான் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். விபத்து பத்து நாற்பதுக்கு நடந்தது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். பத்து நாற்பதுக்கு நாங்கள் ஏரிக்கரையில் படகுச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம். அப்பா எங்களுக்கு முன்னால் நின்றார். படகில் அப்பா ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அம்மாவின் போனில் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் 11.52 என்று நேரம் இருக்கிறது. பஸ் சீட்டுகளையும் படகுச் சீட்டையும் நோட்டில் ஒட்டுவதற்காக வைத்திருந்தேன். அவற்றையும் கொடுத்திருக்கிறேன்.

அன்று ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. அம்மா படகின் ஓரத்தில் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தார். பூங்காவில் அப்பா புல்லில் ஒரு மணி நேரம் தூங்கினார். பகலில் அப்பா தூங்கி நான் பார்த்ததில்லை.

மாலை ஐந்தே கால் மணிக்கு ஜோலார்பேட்டை நிலையத்தில் அப்பா போனை மறுபடி ஆன் செய்தார். பத்தொன்பது அழைப்புகள் வந்திருந்தன. அவர் யாரையும் கூப்பிடுவதற்கு முன் பிரசன்னாவிடமிருந்து மறுபடி போன் வந்தது. அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். அம்மா குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் அப்பாவின் பக்கத்தில் பையின்மேல் உட்கார்ந்திருந்தேன். பிரசன்னா, “உதயா பூட்டான்ணே. டை உய்ந்துச்சி. ஸ்பாட்லயே” என்றார். டை என்பது பிரஸ்ஸில் மாட்டும் கனமான இரும்பு அச்சு. அப்பா, எப்போது, எப்போது என்று இரண்டு தடவை கேட்டார். பிரசன்னா அதற்குப் பதில் சொல்லாமல், “நீ எங்க கீறேன்னு ஒருத்தருக்கும் சொல்லாத. நேரா ஊட்டுக்குப் போ. கார்டுல நீதான் உள்ள கீற” என்றார். அதன் பிறகு போனை வைத்துவிட்டார்.

ரயிலில் அப்பா கதவுப் பக்கம் நின்றுகொண்டே வந்தார். மீதி இருந்த எலுமிச்சை சாதத்தை அம்மா கொடுத்தபோது தலைவலி என்று சொல்லிவிட்டார். நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார்.

25ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு பிரசன்னா எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த ஒரு தாள் கொண்டுவந்தார். எழுத்து சிறியதாக இருந்ததால் அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். நான் சத்தமாகப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை துலுக்கானமாகிய நான் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் வேலையில் இருந்தேன் என்றும், பத்தரை மணிக்குக் கழிவறைக்குப் போனேன் என்றும், அந்த நேரத்தில் விடுமுறையில் இருந்த உதயகுமார் அனுமதி இல்லாமல் ஷெட்டுக்குள் வந்து, நான் கழற்றி வைத்திருந்த கார்டை எடுத்து மாட்டிக்கொண்டு டையைத் தொட்டதால் விபத்து நடந்தது என்றும் அதில் இருந்தது. உதயகுமார் எதற்காக வந்தார் என்று தனக்குத் தெரியாது என்பது கடைசி வரி. படித்து முடித்ததும் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

அப்பா, அவன் எனக்காகத்தானே வந்தான் என்று சொன்னார். பிரசன்னா, “அத சொன்னா கேஸ் உன் மேலதாண்ணே. உன் கார்ட குடுத்து வேற ஆள உள்ள அனுப்புனது நீ. செத்தது அதால. பொண்ணு வேற பத்தாவது படிக்குது” என்றார். உங்களுக்கும் தெரியுமே என்று அப்பா கேட்டார். எனக்கு எங்கே தெரியும், எழுத்தில் இருக்கிறதா என்று பிரசன்னா கேட்டார். அதன் பிறகு அப்பா என்னிடம் பேனா கேட்டார். நான் என் பேனாவைக் கொடுத்தேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அன்று பகல் காவல் நிலையத்திலும் அப்பா அதையே சொன்னதாக அறிகிறேன்.

அன்று மாலை மருத்துவமனையில் இருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். அப்பா போகவில்லை. அம்மாவும் நானும் மேனாம்பேட்டுக்குப் போனோம். பந்தலுக்கு வெளியே நின்றவர்கள், கம்பெனியில் அவன் அன்று வேலையிலேயே இல்லை என்கிறார்கள், அடுத்தவன் கார்டைத் திருடி உள்ளே போயிருக்கிறான், பித்தளைத் துண்டு எடுக்கத்தான் போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. சித்தி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நீதான கார்ட எத்துகினு வந்த. எங்க ஊட்டுக்காரு வேலைக்குத்தான போனாரு? இவங்களாண்ட சொல்லு கண்ணு” என்றார். அங்கே பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. அம்மா என் இன்னொரு கையைப் பிடித்து எழுப்பினார். சித்தி பிடித்த இடத்தில் என் வளையல் பதிந்து சிவந்திருந்தது. பஸ் நிறுத்தம் வரும்போது அது மறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். அறிவியல் தேர்வு எழுதினேன்.

நேற்று 27ஆம் தேதி புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி. பகல் பதினோரு மணிக்கு பிரசன்னா அப்பாவுக்குப் போன் செய்தார். உதயகுமாரின் மனைவி புகார் கொடுத்திருப்பதாகவும், அதில் என் பெயர் இருப்பதாகவும், போலீஸ் நாளை வரும் என்றும், பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். தெரு முனையில் பிள்ளையார் வைத்து ஒலிபெருக்கி போட்டிருந்ததால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். அதன் பிறகு அம்மா என்னிடம், “வாயத் தொறக்காத. உங்கப்பாவ உள்ள வெச்சிடுவாங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் இன்னா பண்றது?” என்றார். கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், கேட்டால் கொடுத்தேன் என்றுதான் சொல்வேன் என்று சொன்னேன். அம்மா என்னிடம் அதன் பிறகு பேசவில்லை. கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு அப்படியே இருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை ஐந்து மணிக்கு அப்பா முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டார். பழைய கார்டு போலீஸிடம் இருப்பதால் கம்பெனியில் அவருக்குப் புதிய கார்டு கொடுத்திருக்கிறார்கள். நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அப்பா, “எல்லாத்தயும் சொல்லப் போறியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு ஷூவைக் கட்டி முடித்துவிட்டு, “அப்ப செயின் பிளாக்கயும் சொல்லிடு” என்றார்.

அதன் பிறகு அப்பா சொன்னது பின்வருமாறு. டையை மாற்றும்போது அதைச் சங்கிலியில் கட்டித் தூக்குவார்கள். தூக்கும் கருவியைச் செயின் பிளாக் என்பார்கள். ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் செயின் பிளாக்கில் இரண்டு கண்ணிகள் தேய்ந்திருந்தன. கனமான டையைத் தொங்கவிட்டால் சங்கிலி நழுவும். இதை ஜூலை மாதம் ஒரு தடவையும் ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு தடவையும் அப்பா பிரசன்னாவிடம் சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. அதனால் அப்பா டை தொங்கும்போது அதன் அடியில் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டுதான் கையை நீட்டுவார். சின்ன பிரஸ்களில் செயின் பிளாக் கிடையாது என்பதால் உதயகுமாருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

இதைச் சொல்லிவிட்டு அப்பா, “கார்ட குடுத்து அனுப்புனேன். இத சொல்லி அனுப்பல” என்றார்.

நீங்களே வந்து சொல்லுங்கள் அப்பா என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். இரண்டாவது ஷூவைக் கட்டினார். படியில் இறங்கியவர் நின்று, இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர்கள் பார்க்க வருவதற்கு முன்பே அந்தச் செயின் பிளாக்கைக் கழற்றிவிட்டார்கள். ஆறாம் நம்பரில் இப்போது தொங்குவது புதியது. அந்தப் பிரஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டி ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த பழையதை நாலாம் நம்பர் பிரஸ்ஸில் மாட்டியிருக்கிறார்கள். அதன் கொக்கியில் மஞ்சள் பெயிண்ட் பாதி போயிருக்கும், பார்த்தால் தெரியும் என்றார்.

ஆறாம் நம்பர் ஓடாததால் செவ்வாய்க்கிழமையில் இருந்து அப்பாவை நாலாம் நம்பரில் நிற்க வைத்திருக்கிறார்கள். இன்று பன்னிரண்டு மணிக்கு அங்கே டை மாற்ற வேண்டும் என்றும் அப்பா சொன்னார். மரக்கட்டைகள் ஆறாம் நம்பரில், கயிற்றுக்கு உள்ளே இருக்கின்றன.

நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அம்மா வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். மேலே உள்ள வரிகளையும் இப்போது படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “சீக்கிரம் கையெய்த்துப் போட்டு குட்றி. மணி ஆவுது” என்றார்.

இதில் உள்ளவை நான் பார்த்தவையும் என் காதால் கேட்டவையும்தான். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ எழுதவில்லை. என் தந்தை கொடுத்த வாக்குமூலத்துக்கு இது மாறாக இருக்கிறது என்பதை அறிவேன். இரண்டில் இதுவே உண்மை. திரும்பப் படித்துப் பார்க்க நேரம் இல்லாததால் படிக்காமலே கையொப்பமிடுகிறேன்.

து. ஹேமாவதி
28.08.2025, காலை மணி 11.20

முன்னிலை: து. சாமுண்டீஸ்வரி, தாய்